கம்பி யாருடையது, கட்டளை யாருடையது?

டோல் சாவடி என்றால் என்னவென்று பெட்டாலிங் ஜெயாவின் கம்போங் மேடான் வட்டாரத்துக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2004இல் நியூ பந்தாய் விரைவுச்சாலை திறந்தபோது பி.ஜே.எஸ். 2இல் ஒரு சாவடி முளைத்தது. குறைந்த வருமானக் குடும்பங்கள் நெருங்கி வாழும் இடம். வேலைக்குப் போகிற வழியிலேயே சாவடி நின்று காசு கேட்டது. குடியிருப்பாளர்கள் ஆண்டுக்கணக்கில் எதிர்த்தார்கள். கடைசியில் 2009 பிப்ரவரியில், கோலாலம்பூர் செல்லும் திசையில் வசூல் நிறுத்தப்பட்டது. சாலையைப் போட்டது தனியார் நிறுவனம். வசூல் உரிமையைக் கொடுத்தது அரசாங்கம். நிறுத்தச் சொன்னதும் அரசாங்கம்தான்.

அதே சாவடியில் வேறோர் ஏற்பாட்டைக் கற்பனை செய்து பாருங்கள். வண்டியின் வகையைப் பார்த்துக் கட்டணம் வாங்காமல், "எங்கே போகிறீர்கள்?" என்று கேட்டு வாங்குகிறார்கள். சாவடிக்காரரோடு ஒப்பந்தம் போட்ட பேரங்காடிக்குப் போனால் இலவசம். பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்னக் கடைக்குப் போனால் முழுக் கட்டணம். அவருக்குப் பிடிக்காத இடத்துக்குப் போகிறவருக்குக் கட்டை மெதுவாகத்தான் எழும். இன்னும் சிலரிடம் "அப்படி ஓர் ஊரே இல்லை" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

சாலையில் இப்படி நடந்தால் ஒரு நாள்கூடப் பொறுக்க மாட்டோம். இணையத்தில் இந்த நான்கும் நடக்கின்றன. நடக்கக் கூடாது என்று சொல்லும் கோட்பாட்டுக்கு இணைய நடுநிலை என்று பெயர். அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் டிம் வூ 2003இல் அந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன்பே இணையம் அப்படித்தான் கட்டப்பட்டிருந்தது.

கைப்பேசியில் ஒரு காணொளியைத் தட்டினால் அது முழுதாக வந்து சேர்வதில்லை. பெரும்பாலும் 1,500 பைட்டைத் தாண்டாத சின்னச் சின்னப் பொட்டலங்களாக உடைந்து வருகிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் முகப்பிலும் அனுப்பியவரின் எண் முகவரியும் பெறுபவரின் எண் முகவரியும் இருக்கும். வழியிலுள்ள ரவுட்டர் பெறுபவரின் முகவரியைப் பார்த்து, அடுத்து எந்தக் கம்பியில் தள்ள வேண்டும் என்று முடிவெடுக்கிறது. உள்ளே இருப்பது பாட்டா, பள்ளிப் பாடமா, பணப் பரிமாற்றமா என்று அதற்குத் தெரியாது, தெரிந்துகொள்ளத் தேவையுமில்லை. அறிவு இரு முனைகளிலும் இருக்கட்டும், நடுவழி மந்தமாகவே இருக்கட்டும் என்பதுதான் 1970களிலும் 80களிலும் இணையத்தை வடிவமைத்த பொறியாளர்களின் யோசனை. சமத்துவம் பேசுவதற்காக அவர்கள் அப்படிச் செய்யவில்லை. எளிய நடுவழி மலிவாக இருக்கும், அடிக்கடி கெட்டுப்போகாது என்பதற்காகச் செய்தார்கள். ஆனால் அதன் சமூகப் பலன் பெரியது. புதிதாக ஒரு சேவையைத் தொடங்குகிறவர் எந்தத் தொலைபேசி நிறுவனத்திடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்றானது. 1999 நவம்பரில் ஸ்டீவன் கானும் பிரேமேஷ் சந்திரனும் மலேசியாகினியைத் தொடங்கியபோது அச்சு உரிமம் கேட்டு எந்த அமைச்சின் வாசலிலும் நிற்கவில்லை.

நடுவழி எப்போதும் மந்தமாகவே இருந்துவிடவில்லை. கருவிகள் வேகமாகிவிட்டதால் பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்பது இன்று சுலபம். சேவை நிறுவனம் எட்டிப் பார்க்க மூன்று சன்னல்கள் உண்டு. ஒரு தளத்தின் பெயரைத் தட்டியதும், அந்தப் பெயருக்குரிய எண் முகவரியை உங்கள் கருவி டி.என்.எஸ். எனப்படும் பெயர்ப் பதிவேட்டிடம் கேட்கிறது. அது முதல் சன்னல். அடுத்து, பூட்டு அடையாளம் போட்ட மறைக்குறியீட்டு இணைப்பிலும் தொடக்கக் கைகுலுக்கலின்போது தளத்தின் பெயர் பெரும்பாலும் வெளிப்படையாகவே போகிறது. அது இரண்டாவது. மூன்றாவது, பொட்டலத்தின் வயிற்றுக்குள்ளேயே கை விட்டுத் துழாவும் ஆழப் பொட்டலச் சோதனை. இந்த மூன்றில் ஏதோ ஒன்றில் கண் வைத்துவிட்டால் போதும். தடுக்கலாம், மெதுவாக்கலாம், இலவசமாக்கலாம், தனிக் கட்டணம் போடலாம்.

அப்படியானால் நிறுவனங்களை அரசாங்கம் கட்டுப்படுத்த வேண்டும் என்றுதானே முடிவு செய்யத் தோன்றுகிறது? கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்தக் கேள்விக்கு அவ்வளவு சுலபமாக ஆம் என்று சொல்லிவிட முடியாது. இங்கே அரசாங்கத்தின் ஒரு கை நல்லது செய்திருக்கிறது. மற்றொரு கையும் சும்மா இருக்கவில்லை.

நல்லது செய்த கையை முதலில் பார்ப்போம். 2008 செப்டம்பரில் அரசாங்கமும் டெலிகோம் மலேசியாவும் அதிவேக அகண்ட அலைவரிசைக்கு ஒப்பந்தம் போட்டன. மொத்தம் 1,130 கோடி ரிங்கிட். அதில் 240 கோடி அரசாங்கப் பணம், அதாவது நம் பணம். 2010 மார்ச்சில் டெலிகோமின் யூனிஃபை சேவை வந்தது. நொடிக்கு 5 மெகாபிட் வேகத்துக்கு மாதம் 149 ரிங்கிட். ஒரு துப்புரவுத் தொழிலாளி குடும்பம் அந்தத் தொகையைக் கேட்டு என்ன செய்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கண்ணாடி இழைக் கம்பி பெரும்பாலும் டெலிகோமுடையது. மேக்சிஸ் போன்ற மற்ற நிறுவனங்கள் அந்தக் கம்பியை மொத்த விலைக்கு எடுத்துத்தான் வீடுகளுக்கு விற்க வேண்டும். மொத்த விலை உயரத்தில் நின்றால் சில்லறை விலை எப்படி இறங்கும்? அன்று போட்டி என்பது பெயரளவில்தான்.

1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டம் இதற்கு ஒரு மருந்து வைத்திருந்தது. கட்டமைப்பு வைத்திருப்பவர், அணுகல் பட்டியலில் உள்ளவற்றைக் கேட்கும் மற்ற உரிமதாரர்களுக்கு நியாயமாகவும் பாகுபாடின்றியும் தர வேண்டும் என்கிறது அதன் 149ஆம் பிரிவு. எந்த விலைக்கு என்பதை ஒழுங்குமுறை அமைப்பு நிர்ணயிக்கலாம். மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம், அதாவது எம்.சி.எம்.சி., கட்டாய அணுகல் விலை விதியை 2017 டிசம்பரில் வெளியிட்டது. 2018 ஜூனில் அதிவேக அகண்ட அலைவரிசைக்கும் அது நடைமுறைக்கு வந்தது. அதற்குச் சற்று முன்புதான் ஆட்சி மாறி, பக்கத்துத் தொகுதியான பூச்சோங்கின் நாடாளுமன்ற உறுப்பினர் கோபிந்த் சிங் டியோ அமைச்சராகியிருந்தார். இரட்டிப்பு வேகம், பாதி விலை என்பது அவருடைய கூட்டணி கொடுத்திருந்த வாக்குறுதி. அந்த ஆண்டு முடிவதற்குள் மேக்சிஸ் 30 மெகாபிட்டை 89 ரிங்கிட்டுக்கு விற்றது. டெலிகோம், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அதே வேகத்தில் 79 ரிங்கிட்டுக்கு ஓர் அடிப்படைத் திட்டம் கொண்டுவந்தது. 5 மெகாபிட் 149 ரிங்கிட் என்ற கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதற்கு விலை உண்டு. 2018 தொடக்கத்தில் 6 ரிங்கிட்டுக்கு மேல் இருந்த டெலிகோம் பங்கு, ஆண்டு முடிவில் 3 ரிங்கிட்டுக்குக் கீழே போனது. நம் ஊழியர் சேமநிதியான இ.பி.எஃப். அந்த நிறுவனத்தின் பெரிய பங்குதாரர்களில் ஒன்று. பில்லில் மிச்சப்பட்டதில் ஒரு பகுதி சேமநிதிக் கணக்கில் தேய்ந்தது என்று ஒருவர் வாதாடலாம், அதில் நியாயமும் உண்டு. ஆனாலும் என் கட்சி விலை நிர்ணயத்தின் பக்கம்தான். ஒரே கம்பி, அதிலும் பொதுப்பணம் கலந்த கம்பி என்றால், அதன் வாடகையை நிர்ணயிக்கும் பொறுப்பைச் சந்தையிடம் விட முடியாது. அங்கே சந்தையே இல்லை.

இன்னும் ஒன்று கவனிக்க வேண்டும். 149ஆம் பிரிவு கொடுக்கும் பாகுபாடின்மை ஒரு நிறுவனத்துக்கும் இன்னொரு நிறுவனத்துக்கும் இடையில் உள்ளது. டெலிகோம் மேக்சிஸிடம் பாகுபாடு காட்டக் கூடாது. டெலிகோமோ மேக்சிஸோ நாம் போகும் தளங்களிடையே பாகுபாடு காட்டலாமா என்பதைப் பற்றி அந்தப் பிரிவு பேசவில்லை. இணைய நடுநிலைக்கென்று ஒரு தனிச் சட்டம் மலேசியாவில் இல்லை. இந்த ஓட்டை வழியாகத்தான் இலவசம் நுழைந்தது.

அடுக்குமாடியில் கம்பி இணைப்பு கேட்டால் "போர்ட் ஃபுல்", அதாவது புது இணைப்புக்கு இடமில்லை என்ற பதிலைக் கேட்டவர்கள் பலர். அந்த வீடுகளில் கைப்பேசியின் ப்ரீபெய்ட் டேட்டாதான் முழு இணையமும். அங்கே "இந்தச் செயலிக்கு டேட்டா கழியாது" என்ற விளம்பரம் தேன் மாதிரி இனிக்கும். 2016இல் யூ மொபைல் வீடியோ-ஆன்ஸ் என்று கொண்டுவந்தது. பட்டியலில் உள்ள காணொளித் தளங்களை எவ்வளவு பார்த்தாலும் டேட்டா கழியாது. மற்ற நிறுவனங்களும் பாட்டுக்கு ஒன்று, முகநூலுக்கு ஒன்று, வாட்ஸ்அப்புக்கு ஒன்று என்று வகை வகையாக விற்றன. தொழில்நுட்பம் மேலே சொன்ன அதே சன்னல்கள்தான். தளத்தின் பெயரையோ முகவரியையோ அடையாளம் கண்டு, அந்தப் பொட்டலங்களைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுவது.

வாடிக்கையாளருக்கு இதில் என்ன நட்டம்? அவருக்கு உடனடி நட்டம் எதுவுமில்லை. நட்டம் பட்டியலில் இல்லாதவருக்கு. கிள்ளானில் ஓர் அறையில் இருந்துகொண்டு தமிழ் இணைய வானொலி நடத்துகிறவர், தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்குக் கணிதம் சொல்லித்தரும் சின்னத் தளம், தோட்டத்து வரலாற்றைக் காணொளியாகத் தொகுப்பவர், இவர்கள் எந்த நிறுவனத்தின் பட்டியலிலும் ஏற மாட்டார்கள். மாதக் கடைசியில் டேட்டா தீர்ந்துபோனவர் இலவசமானதைத்தான் பார்ப்பார். கொஞ்ச காலத்தில் அவருக்கு இணையம் என்பதே நான்கைந்து செயலிகளாகச் சுருங்கிவிடும். வசதியுள்ளவருக்கு முழு இணையம், இல்லாதவருக்கு முகநூல் இணையம்.

இதை நிறுவனங்கள் மட்டுமா செய்தன? 2020இல் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையின்போது, ஏப்ரல் 1 முதல் காலை 8 மணியிலிருந்து மாலை 6 மணி வரை நாளுக்கு 1 ஜிபி இலவச டேட்டா கிடைத்தது. தொடக்கத்தில் எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். எளிமையான, கண்ணியமான ஏற்பாடு. ஜூனில் அறிவிக்கப்பட்ட பெஞ்சானா திட்டத்தின் கீழ் அது கல்விக்கும், அலுவலுக்கும், காணொளிக் கூட்டத்துக்கும் உரிய செயலிகளுக்கு மட்டும் என்று மாறியது. பொழுதுபோக்குக்கு அரசாங்கப் பணமா என்ற எண்ணம் புரியாமல் இல்லை. ஆனால் எது கல்வி என்று ஒரு பட்டியல் எப்படிச் சொல்லும்? பட்டியலுக்கு வெளியே உள்ள தளத்தில் ஆசிரியர் பாடத்தை ஏற்றினால் அது மாணவனின் டேட்டாவிலிருந்து கழியும். ஏழைக்கு இலவசம் கொடுக்கும்போது அளவை வைத்துக் கொடுங்கள், ஆனால் இடத்தைக் குறிக்காதீர்கள் என்பதுதான் நடுநிலைக் கோட்பாடு சொல்வது.

இந்தியாவில் இந்தச் சண்டை வெளிப்படையாக நடந்தது. 2015இல் ஏர்டெல் ஸீரோ, அதையடுத்து முகநூல் நிறுவனத்தின் ஃப்ரீ பேசிக்ஸ். ஏழைகளுக்கு இலவச இணையம் என்ற முழக்கம். எதிர்த்து, அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய்க்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் போயின. 2016 பிப்ரவரி 8ஆம் தேதி, எந்தத் தளத்துக்குப் போகிறார் என்பதை வைத்து டேட்டாவுக்கு வெவ்வேறு விலை வைக்கக் கூடாது என்று ட்ராய் ஒரே அடியாகத் தடை போட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலையைத் தரைக்கு இறக்கியது. தடையால் விலை இறங்கியது என்று நான் சொல்லவில்லை, போட்டியால் இறங்கியது. தடை போட்டால் ஏழைக்கு இணையமே கிடைக்காது என்று சொன்னவர்களின் வாதம் நிற்கவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எல்லாப் பொட்டலமும் சமம் என்ற பேச்சு நடைமுறையில் முழு உண்மை இல்லை. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. கலிபோர்னியா இங்கிருந்து சுமார் 14,000 கிலோமீட்டர். கம்பி நேராகவே போனாலும் ஒரு பொட்டலம் போய்த் திரும்ப 140 மில்லிநொடி ஆகும். இயற்பியலோடு பேரம் பேச முடியாது. எனவே நெட்ஃபிளிக்ஸும் கூகுளும் தங்கள் சேமிப்புப் பெட்டிகளைச் சேவை நிறுவனங்களின் கட்டடத்துக்குள்ளேயே வைத்துவிடுகின்றன. நீங்கள் பார்க்கும் படம் கடல் தாண்டி வருவதில்லை, கிள்ளான் பள்ளத்தாக்குக்குள்ளிருந்தே வருகிறது. சின்னத் தளத்துக்கு அந்த வசதி கிடையாது. இது பாகுபாடா? என் பார்வையில் இல்லை. பெரியவர் தன் தூரத்தைக் குறைத்துக்கொண்டார், அடுத்தவரின் பொட்டலத்தைப் பின்னுக்கு இழுக்கவில்லை. ஆனால் இடைவெளி இருக்கிறது. அதைக் குறைப்பது தடையால் ஆகிற காரியம் அல்ல, கட்டமைப்பால் ஆகிற காரியம். 2006 டிசம்பரில் தொடங்கிய மை-ஐ.எக்ஸ். என்ற மலேசிய இணையப் பரிமாற்ற மையம் அப்படிப்பட்ட ஒன்று. அது வருவதற்கு முன், கோலாலம்பூரில் இருக்கும் ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் அடுத்த தெருவில் இருக்கும் இன்னொரு நிறுவனத்தின் வாடிக்கையாளருக்கு அனுப்பிய பொட்டலம் வெளிநாடு போய்ச் சுற்றி வருவதும் உண்டு. இப்போது உள்ளூர்ப் போக்குவரத்து உள்ளூரிலேயே கை மாறுகிறது. லாப நோக்கமில்லாத இந்த அமைப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நன்றாக வேலை செய்யும் குழாயைப் பற்றி எவர் பேசுவார்!

இனி அரசாங்கத்தின் மற்றொரு கை.

கம்போங் மேடானின் பெயர் நாடு முழுக்கத் தெரிந்தது 2001 மார்ச்சில். கம்போங் காந்தி, கம்போங் லிண்டுங்கான், கம்போங் டத்தோ ஹருன் என்று சுற்றுவட்டாரக் கம்பங்களில் பல நாள் கலவரம். ஆறு பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் இந்தியர்கள். பலர் வெட்டுக்காயங்களோடு மருத்துவமனையில் கிடந்தார்கள். பொது விசாரணை எதுவும் நடக்கவில்லை. சுவாராம் மனித உரிமை அமைப்பைச் சேர்ந்த கா. ஆறுமுகம் இதைப் பற்றி எழுதிய 'மார்ச் 8' என்ற நூலை உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சு 2006இல் தடை செய்தது. 1984ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டத்தில் அதற்கு இடம் இருந்தது. தாளில் வந்தால் தடுக்கலாம்.

அதே காலத்தில் இணையத்துக்கு வேறு சட்டம். மல்டிமீடியா சூப்பர் காரிடார் திட்டத்துக்கு வெளிநாட்டு முதலீட்டாளர்களை அழைப்பதற்காக, இணையத்தைத் தணிக்கை செய்ய மாட்டோம் என்று டாக்டர் மகாதீர் அரசாங்கம் 1990களின் பின்பாதியில் உறுதி கொடுத்தது. தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 3ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவில் அது ஏறியது. இந்தச் சட்டத்தில் உள்ள எதையும் இணையத் தணிக்கைக்கு அனுமதியாகப் பொருள் கொள்ளக் கூடாது. பில் கேட்ஸைக் கவர எழுதிய வரியால் பயன் பெற்றவர்கள் பெட்டாலிங் ஜெயாக்காரர்கள். அச்சில் வர முடியாத செய்திகள் இணையத்தில் வந்தன.

அந்த வாக்கு முழுமையாகக் காப்பாற்றப்படவில்லை. சட்டத்தின் 263ஆம் பிரிவு, குற்றச் செயலுக்குத் தன் வலையமைப்பு பயன்படாமல் தடுக்கச் சேவை நிறுவனங்கள் முயல வேண்டும், ஆணையம் எழுத்தில் கேட்டால் உதவ வேண்டும் என்கிறது. கதவு அங்கேதான். 2015 ஜூலையில் 1எம்டிபி ஊழலைக் கிளறிய சரவாக் ரிப்போர்ட் தளம் தடுக்கப்பட்டது. அதன் கட்டுரையை நீக்க மறுத்ததால் 2016 ஜனவரியில் மீடியம் தளமே தடுக்கப்பட்டது. பிப்ரவரியில் தி மலேசியன் இன்சைடர் செய்தித் தளம் தடுக்கப்பட்டது. மார்ச்சில் அது கடையை மூடியது. நீதிமன்றத்தின் முன் வாதாடித் தோற்று மூடப்படவில்லை. அதற்கு முன்பே விளம்பரம் வற்றியிருந்தது.

2013 பொதுத்தேர்தல் சமயத்தில் நடந்ததாகச் சொல்லப்படுவது இன்னும் நுட்பமானது. சில யூடியூப் காணொளிகளும் சில முகநூல் பக்கங்களும் சில நிறுவனங்களின் இணைப்பில் மட்டும் திறக்கவில்லை. தொழில்நுட்பம் தெரிந்த பயனர்கள் நோண்டிப் பார்த்தார்கள். பக்கத்தைக் கேட்கும் கோரிக்கையை இரண்டு பொட்டலங்களாக உடைத்து அனுப்பினால் பக்கம் திறந்தது, ஒரே பொட்டலமாக அனுப்பினால் திறக்கவில்லை. வெறும் நெரிசல் என்றால் இந்த வேறுபாடு வரக் கூடாது. நடுவில் ஏதோ ஒன்று முகவரியைப் படித்து, பொருந்தினால் விழுங்குகிறது என்பது அவர்கள் முடிவு. அப்படி எந்தக் கட்டுப்பாடும் இல்லை என்று ஆணையம் மறுத்தது. யார் சொல்வது சரி என்று தீர்க்கச் சுயேச்சையான அளவீடு எதுவும் அன்று இல்லை. அமெரிக்காவில் 2007இல் காம்காஸ்ட் நிறுவனம் பிட்டோரண்ட் கோப்புப் பகிர்வு இணைப்புகளைப் போலிப் பொட்டலம் அனுப்பி அறுத்ததை அசோசியேட்டட் பிரஸ் செய்தியாளர்கள் பைபிளை அனுப்பிப் பார்த்துப் பிடித்தார்கள். அங்கே விசாரிக்க ஓர் ஆணையம் இருந்தது, அடுத்த ஆண்டே ஓர் உத்தரவும் வந்தது.

2024 செப்டம்பரில் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். உள்ளூர் நிறுவனங்களின் பெயர்ப் பதிவேட்டில் தடுத்தால், மக்கள் அமைப்பை மாற்றிக் கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1 ஆகிய பதிவேடுகளுக்குப் போய்விடுகிறார்கள். எனவே அந்தக் கேள்விகளையும் வழிமறித்து உள்ளூர்ப் பதிவேட்டுக்கே திருப்ப வேண்டும் என்று ஆணையம் சேவை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. செப்டம்பர் 30 கெடு. நீங்கள் ஒருவரிடம் கேட்கிறீர்கள், வேறொருவர் அவர் குரலில் பதில் சொல்கிறார். பாதுகாப்புத் துறையில் இதைத் தாக்குதல் என்பார்கள். எதிர்ப்பு கிளம்பியது. ஓரிரு நாளில் அமைச்சர் ஃபாமி ஃபாட்சில் தொடர வேண்டாம் என்று ஆணையத்திடம் சொல்லிவிட்டார். அந்தச் சமயத்தில் ஆணையமே ஒரு கணக்கு கொடுத்தது. 2018 முதல் 2024 ஆகஸ்ட் 1 வரை 24,277 தளங்கள் தடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் 39 விழுக்காடு சூதாட்டம், 31 விழுக்காடு ஆபாசம். அடுக்குமாடிகளில் இணையச் சூதாட்டத்தால் சீரழிந்த குடும்பங்களைப் பார்த்தவர்கள் இதற்கு எதிர்ப்புச் சொல்ல மாட்டார்கள். நானும் சொல்லவில்லை. ஆனால் அந்த 24,277 எவை, ஒவ்வொன்றையும் தடுக்கச் சொன்னது யார், தவறாகச் சிக்கிய தளம் எங்கே முறையிடுவது? தொகை இருக்கிறது, விழுக்காடு இருக்கிறது, பெயர்ப் பட்டியலைத்தான் மக்கள் பார்க்க முடிவதில்லை.

இனக்கலவரம் கண்ட ஊரில் வதந்தியைத் தடுக்கும் அதிகாரம் வேண்டாமா என்று கேட்பார்கள். கம்போங் மேடானை உதாரணம் காட்டியே கேட்பார்கள். 2001இல் அங்கே யார் கையிலும் திறன்பேசி இல்லை. வதந்தி வாய் வழியாகப் பரவியது. சரிபார்த்த செய்தி உடனே கிடைக்காத இடத்தில்தான் அது பரவும். வன்முறையைத் தூண்டும் பதிவை நீக்கத் தனிச் சட்டங்கள் இருக்கின்றன, நீதிமன்றம் இருக்கிறது. அந்த வேலையைக் கம்பி வைத்திருப்பவர் தலையில் ரகசியக் கடிதம் மூலம் கட்டுவது வேறு விஷயம்.

நடுநிலையை ஆதரிப்பவர்களிடம் எனக்கு ஒரு குறை உண்டு. அமெரிக்க வாதத்தை அப்படியே இங்கே இறக்கிவிடுகிறார்கள். அங்கே பிரச்சினை, நிறுவனத்தை அரசாங்கம் கட்டுப்படுத்தலாமா என்பது. 2015இல் ஒழுங்குமுறை ஆணையமான எஃப்.சி.சி. விதி போட்டது, 2017 டிசம்பரில் எடுத்தது, 2024 ஏப்ரலில் மறுபடி போட்டது, 2025 ஜனவரி 2ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. ஆட்சி மாறும்போதெல்லாம் மாறும் விதி. சட்டமன்றம் சட்டமாக எழுதாததன் விளைவு அது. நமக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் அவ்வளவுதான். நம் ஊர்ப் பிரச்சினையில் நிறுவனமும் அரசாங்கமும் எதிரெதிரே நிற்பதில்லை. டெலிகோமின் பெரும் பங்கு அரசாங்க முதலீட்டு அமைப்புகளிடம். 5ஜி வந்தபோது டிஜிட்டல் நேஷனல் பெர்ஹாட் என்ற ஒரே அரசாங்க நிறுவனமே முழுக் கட்டமைப்பையும் போட்டது. 2024 நவம்பரில்தான் இரண்டாவது வலையமைப்புக்கு யூ மொபைல் தேர்வானது. ஒழுங்குபடுத்துகிறவரும் பங்குதாரரும் ஒரே வீட்டில் இருக்கும்போது, ஒழுங்குமுறை வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வியே பாதிக் கேள்விதான்.

5ஜியில் அவசரம் கூடுகிறது. ஒரே வலையமைப்பைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டை மருத்துவமனைக்கும், ஒன்றைத் துறைமுகத்துக்கும், மிச்சத்தைப் பொதுமக்களுக்கும் ஒதுக்க அதில் வழி இருக்கிறது. கிள்ளான் துறைமுகத்தின் பளுதூக்கிகளைத் தொலைவிலிருந்து இயக்க வேண்டுமென்றால் அப்படி ஒரு தனித்துண்டு நியாயமே. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015ஆம் ஆண்டு விதி அத்தகைய தனிச் சேவைகளை அனுமதிக்கிறது, ஆனால் பொது இணையத்தின் தரம் அதனால் குறையக் கூடாது என்று நிபந்தனை போடுகிறது. அந்த நிபந்தனை இங்கேயும் எழுத்தில் வேண்டும். இல்லையென்றால் நல்ல துண்டுகள் காசுள்ளவருக்கு விற்றுத் தீர்ந்தபின் ப்ரீபெய்ட்காரருக்கு எஞ்சுவது தவிடுதான்.

ஆகவே அரசாங்கம் இணையச் சேவை நிறுவனங்களை ஒழுங்குபடுத்த வேண்டுமா என்றால், வேண்டும். 2018இல் செய்தது போல விலையில் கடுமையாகவே வேண்டும். ஆனால் அதே சட்டத்தில், போகும் இடத்தை வைத்துப் பொட்டலத்தைத் தடுக்கவோ மெதுவாக்கவோ விலை மாற்றவோ நிறுவனத்துக்கு உரிமை இல்லை என்றும், நீதிமன்ற ஆணை இல்லாமல் அப்படிச் செய்யச் சொல்ல அமைச்சுக்கும் ஆணையத்துக்கும் உரிமை இல்லை என்றும் ஒரே பிரிவில் எழுத வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் கட்டிப்போட்டால், அது கட்டப்படாத மற்றதன் வழியாக வேலையை முடித்துக்கொள்ளும். தடுத்த தளங்களின் பட்டியல், ஆணை பிறப்பித்தவர் பெயரோடு, யாரும் பார்க்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும்.

உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு இந்த ஆண்டு ஒரே ஒரு கேள்வி எழுதி அனுப்புவதாக இருந்தால் இதை அனுப்புங்கள்: கடந்த 12 மாதங்களில் எத்தனை தளங்கள் 263ஆம் பிரிவின் கீழ் தடுக்கப்பட்டன, அவற்றில் எத்தனை நீதிமன்றத்தின் பார்வைக்குப் போயின? கேள்வி நேரத்தில் எழுப்பினால் அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும்.